நாலு, இல்லையேல் எட்டு

செங்கோட்டை பாசஞ்சரில் அம்பையில் ஏறினால்
பேட்டை தாண்டுவதற்குள் பன்னிரண்டு கணக்கு.
பயணச்சீட்டின் முதுகில்
128, 64, 32, 16 என்று
இடம் போதாமல் நிறுத்துகிறேன்.
எதிர் சீட்டுப் பூக்காரி எட்டிப் பார்த்தாள்.
"என்னட்டி, வட்டிக் கணக்கா?"
ஆமாக்கா என்றேன்.
பொய்யில்லை. இதிலும் கடன்தான்,
பக்கத்துக் கட்டத்திலிருந்து ஒவ்வொரு பிட்டாய்.

வண்ணார்பேட்டையில் எனக்கு வேலை
ஹெட்போனுக்குள் வரும் கோபத்துக்கு நம்பர் போடுவது.
"நேத்துலருந்து நெட்டு செத்துக் கெடக்கு."
"வி.கே.புரத்துல கொரங்கு வயரக் கடிச்சிட்டுல்லா."
ரௌட்டரை அணைத்து, பத்து எண்ணி, போடுங்கள் சார்.
மூன்று வருடமாய் இதே வாக்கியம்.
பத்து எதற்கு என்று அவர்களும் கேட்டதில்லை,
நானும் கேட்டதில்லை,
போன ஐப்பசி வரைக்கும்.

ஐப்பசியில்தான் பாகம் பிரித்தது.
சேரன்மகாதேவி பத்திர ஆபீஸில்
அண்ணன்மார் நாலு பேரும்
அன்று ஒரே முகத்தோடு வந்திருந்தார்கள்.
எனக்கென்று எழுதிய பத்திரத்துக்குப் பெயர் விடுதலை.
கையெழுத்துப் போட்டேன், ரேகை வைத்தேன்,
நாற்பதாயிரம் எண்ணி வாங்கினேன்.
"ஒரு செயினு எடுத்துக்கோ முப்பிடாதி" என்றான் மூத்தவன்.
பாதிக்கு மேல் பரீட்சைக்குக் கட்டினேன்.

புத்தகம் சொல்கிறது:
நெட்வொர்க்கைச் சமமாய் வெட்டினால்
இரண்டு, நாலு, இல்லையேல் எட்டு.
ஐந்து கிடையாது.
ஐந்தாவதாய் ஒருத்தி வந்து நின்றால்
எட்டாய் நறுக்கி மூன்றைச் சும்மா போட வேண்டும்.
அதற்கு யாருக்கு மனசு வரும்.

ஒவ்வொரு துண்டிலும்
முதல் எண் தெருவின் பெயர், குடியிருக்க முடியாது.
கடைசி எண் தமுக்கு, தட்டினால் தெருவே திரும்பும்.
நடுவில் அறுபத்திரண்டு பேர்.
முழுசாய்க் கிடந்தபோது இருநூற்று ஐம்பத்து நாலு பேர் இருந்தார்கள்.
நாலாக்கிக் கூட்டினால் இருநூற்று நாற்பத்தெட்டு.
மூன்று தடவை போட்டுப் பார்த்தேன்.
ஆறு பேரைக் காணோம்.

வீட்டிலும் அப்படித்தான் விடை வந்தது.
நாலு வாசல் வைத்ததில் நடை போயிற்று.
கிணற்றடியில் சிமெண்டுக் கோடு.
அம்மையின் கட்டில்
எந்தத் துண்டிலும் நேராய் விழவில்லை,
கதவு இடித்தது.
மிச்சம் மூன்றை நான் எண்ணவில்லை.

பதினோராம் பாடம் கார்த்திகை மழையில்,
கல்லிடைக்குறிச்சியில் ரயில் நின்றுபோன ராத்திரி.
ஒரே அளவாய் வெட்ட வேண்டியதில்லையாம்.
பெரிய ஆபீஸுக்குப் பெரிய துண்டு;
இரண்டு ரௌட்டர் மட்டும் பேசிக்கொள்ளும் கம்பிக்கு
நாலே எண் போதும்.
நாலில் ஒன்றை மட்டும் மறுபடி இரண்டாக்கு,
ஐந்து.

இவ்வளவுதானா.

பென்சிலை மூடிவைத்த புத்தகத்துக்குள் செருகினேன்.
ஒருத்தன் தன் துண்டில் பாதியை விட்டால் முடிந்தது.
அந்த ஒருத்தன் யார் என்பது
பாடத்தில் இல்லை.

நாளைக் காலை பத்து மணிக்குப் பரீட்சை.
ஷிப்ட் முடிந்தும் ஆபீஸில் இருக்கிறேன்.
லைன்மேன் ஜெபசிங் பரணிலிருந்து
பழைய ரௌட்டர் இரண்டை இறக்கித் தந்தான்.
"பொகஞ்சா எம் பேரச் சொல்லிராதீங்கக்கா."
நீலக் கம்பி செருகி, எண் கொடுத்து,
இங்கிருந்து அங்கே ஐந்து தடவை கூப்பிடுகிறேன்.
முதல் கூப்பாடு தோற்கும்.
பழுதில்லை.
எதிர்முனையின் விலாசம் விசாரித்து வருவதற்குள்
அதன் நேரம் தீர்ந்துவிடுகிறது.
பின்னால் வருபவை போய்ச் சேரும்.

கறுப்புத் திரையில் வந்து நிற்கிறது
ஒரு புள்ளி,
பக்கத்தில் நாலு ஆச்சரியக்குறி.
எண்பது சதவீதம் என்கிறது.

மறுபடி கூப்பிடுகிறேன்.
இப்போது விலாசம் தெரியும்.
ஐந்து.